பங்கு இருந்த இடத்தில் பெயர் இருந்தது
பழைய நில ஏடுகளிலும் நீதிமன்ற ஏடுகளிலும் நம் முன்னோரைத் தேடி

நம் வீட்டுக் கல்யாணங்களில் பெரியவர்கள் இளைஞர்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, நீங்க எந்த ஊரு? யாரு வீட்டுப் புள்ளை?" என்பதுதான். எங்களிடம் அதற்குப் பதில் இருந்தது. ஊர் நாகூர். வாப்பாவின் பெயர், பாட்டனாரின் பெயர், பாட்டனாரின் வாப்பாவான முப்பாட்டனாரின் பெயர். அதற்கு மேல் கேட்டால், "அவர்தான் கப்பலேறி வந்து சூலியா தெருவில் கடை வைத்தவர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த வம்சாவளியும் அங்கேதான் தொடங்கியது. முப்பாட்டனார், அவருக்கு இரண்டு ஆண்மக்கள், அவர்களுக்குப் பிறந்தவர்கள். மனைவியரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அதை ஒரு குறையாக நாங்கள் அன்று நினைக்கவுமில்லை.

2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்தபோது, ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த எத்தனையோ குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. எங்கள் உறவினர் குடியிருந்த வீடும் அவற்றில் ஒன்று. சாமான்களை ஏற்றும்போது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. அதில் கறையான் அரித்த கணக்குப் புத்தகங்களும், நிலவரி ரசீதுகளும், முத்திரை பதித்த ஆங்கிலப் பத்திரம் ஒன்றும் இருந்தன. எங்கள் தேடல் அந்தப் பத்திரத்தில்தான் தொடங்கியது.

பினாங்கில் நம்மவர்களைப் பற்றிய காகிதங்கள் இவ்வளவு இருப்பதற்குக் காரணம் உண்டு. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கியபின், குடியேறியவர்களுக்குக் கம்பெனியார் நிலம் வழங்கினர். 1801இல் காதர் முஹைதீன் மரைக்காயர் கப்பித்தானாக நியமிக்கப்பட்டார். பள்ளிவாசலுக்கு 18 ஏக்கர் நிலமும் அப்போது கொடுக்கப்பட்டது. இன்று நாம் தொழும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் வரலாறே ஒரு நிலப் பத்திரத்திலிருந்துதான் ஆரம்பமாகிறது. 1807ஆம் ஆண்டு அரச சாசனத்தின்படி இங்கே நீதிமன்றமும் ஏற்பட்டது. அன்றிலிருந்து நம் முன்னோர் வாங்கினார்கள், விற்றார்கள், அடகு வைத்தார்கள், உயில் எழுதினார்கள், வழக்கும் ஆடினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏடு இருந்தது.

பழைய பினாங்குப் பத்திரம் ஒன்றைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியது போல. விற்பவர் பெயரும் வாங்குபவர் பெயரும் மட்டும் அதில் இருப்பதில்லை. இந்த நிலம் முதலில் இன்னாருக்கு வழங்கப்பட்டது, அவர் இறந்தபின் இன்ன மகனுக்கு வந்தது, அவர் இன்னாருக்கு விற்றார் என்று முன்கதை முழுவதும் முதல் பக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கும். உரிமை சரியாக வந்திருக்கிறது என்று காட்ட வக்கீல்கள் எழுதிய அந்த முன்கதைதான் நமக்கு வம்சாவளி. எங்கள் பத்திரத்தின்படி முப்பாட்டனார் அந்தக் கடைவீட்டைத் தம் தாய்மாமனின் வாரிசுகளிடமிருந்து வாங்கியிருக்கிறார். மாமனின் வாப்பா பெயரும் அதிலே இருந்தது. அதாவது முப்பாட்டனாருடைய உம்மாவின் வாப்பா. ஒரே தாளில் இரண்டு தலைமுறை மேலே ஏறிவிட்டோம்.

1966இல் தேசிய நிலச் சட்டம் நடைமுறைக்கு வந்ததுடன் பினாங்கிலும் மலாக்காவிலும் இந்தப் பழைய பத்திர முறை முடிவுக்கு வந்தது. இன்றைய கிராண்ட்டில் லாட் எண்ணும் உரிமையாளர் பெயரும் கிடைக்கும், முன்கதை கிடைக்காது. ஆகவே கையிலுள்ள லாட் எண்ணைக் கொண்டு நில அலுவலகத்தில் தேடி, அங்கிருந்து பழைய பத்திரத்தின் எண்ணைப் பிடித்து, பின்னோக்கிப் போக வேண்டும்.

நிலத்துக்கு அடுத்தது நீதிமன்றம். இதில் நம் சமூகத்துக்கே உரிய ஒரு செய்தி உண்டு. அக்காலத்தில் பினாங்கு நீதிமன்றம் முஸ்லிம்களின் சொத்துக்கும் இங்கிலாந்துச் சட்டத்தையே பின்பற்றியது. ஒரு முஸ்லிம் தம் சொத்து முழுவதையும் விரும்பியபடி உயில் எழுதலாம் என்று 1835இலேயே அப்துல்லா என்பவரின் சொத்து விவகாரத்தில் தீர்ப்பாயிற்று. நம் ஷரீஅத் உயிலுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் தருவதில்லை. 1871இல் நம் சூலியா வணிகர் முகம்மது நூர்தீனின் உயில் பற்றி எழுந்த 'பாத்திமா எதிர் லோகன்' வழக்கிலும் இங்கிலாந்துச் சட்டமே செல்லும் என்றார்கள். அவர் குடும்பத்தின் பெயரைத்தான் இன்றும் நூர்தீன் தெரு தாங்கி நிற்கிறது. உயில் இல்லாமல் இறந்த முஸ்லிமின் சொத்தை முஸ்லிம் சட்டப்படி பங்கிடும் ஏற்பாடு 1923ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே இந்தக் குடியேற்றங்களில் வந்தது.

எங்கள் முப்பாட்டனார் முதல் உலகப் போருக்குச் சற்று முன் உயில் எழுதாமல் மவுத்தானவர். ஆகவே அவர் சொத்தை நிர்வகிக்க அனுமதி கேட்டு நீதிமன்றத்தில் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மனுவில் மனைவி, மக்கள் அனைவரின் பெயரும், வயதும், இருப்பிடமும் எழுதியாக வேண்டும். அன்றைய சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. ஒருவர் பெயரை விட்டாலும் பின்னால் வழக்கு வரும். எனவே வக்கீல் யாரையும் விடவில்லை.

அந்த மனுவின் நகலை வாங்கி விரித்தபோது நாங்கள் சற்று நேரம் பேசவில்லை. எங்களுக்குத் தெரிந்த இரண்டு ஆண்மக்களின் பெயருக்குக் கீழே, எங்களுக்குத் தெரியாத மூன்று பெண்மக்களின் பெயர் இருந்தது. மனைவியர் இருவர். ஒருவர் நாகூரில், மற்றவர் பினாங்கில். பினாங்கு மனைவியின் பெயருக்குப் பின்னால் 'பிந்தி' என்று போட்டு அவர் வாப்பாவின் பெயரும் இருந்தது. அது மலாய்ப் பெயர். அந்த அம்மையார் ஜாவி எழுத்தில் கையொப்பம் இட்டிருந்தார். நாகூர் மனைவி தம் பங்குக்காக அங்கிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்பியிருந்தார். அதில்தான் அவர் பெயரையும் நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம். அவர் எங்கள் பாட்டனாரைப் பெற்றவர். ஆனால் அதுவரை அவரும் எங்களுக்கு வெறும் 'நாகூர் உம்மா'தான்.

வீட்டில் மறக்கப்பட்ட பெண்களின் பெயரைக் கச்சேரிக் காகிதம் காப்பாற்றி வைத்திருந்தது. அன்பினால் அல்ல. அவர்களுக்கு அங்கே ஒரு பங்கு இருந்தது, அதனால் பெயரும் இருந்தது.

நாகூர்ப் பக்கத்தையும் பார்க்கலாம் என்று தாயகம் போனோம். தமிழகத்தில் பத்திரப் பதிவு 1860களில் தொடங்கியது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்களின் நகல் முதலாம் புத்தகத்திலும், உயில்கள் மூன்றாம் புத்தகத்திலும் இருக்கும். ஆள் பெயர்ப்படியும் சொத்துப்படியும் தனித்தனி அட்டவணைகள் உண்டு. மிகப் பழைய காலத்துக்கு மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி, கையால் தேடச் சொல்ல வேண்டும். வருவாய்த் துறையில் பட்டா, அடங்கல், செட்டில்மெண்ட் பதிவேடு ஆகியவற்றைப் பார்க்கலாம். 1979க்கும் 1987க்கும் இடையில் நில உடைமைப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. கப்பலேறிப் போனவர்களின் பெயர் அப்போது விட்டுப்போயிருக்கவும் கூடும். ஆகவே அதற்கு முந்தைய ஏட்டையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

கடற்கரை மரைக்காயர் ஊர்களில் வீட்டைப் பெண்ணுக்கு எழுதிவைக்கும் வழக்கம் இருப்பது நமக்குத் தெரியும். எனவே வீட்டுப் பத்திரத்தைப் பின்தொடர்ந்தால் உம்மாவிலிருந்து உம்மாவின் உம்மாவுக்குப் போகலாம். நாகூர் உம்மாவின் வீடு அவருக்கு அவர் உம்மா கொடுத்தது. அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், 'தற்சமயம் பினாங்கிலிருக்கும்' என்று குறிப்பிடப்பட்ட உறவினர். அந்த இரண்டு சொற்களைப் பார்த்ததும் இரண்டு கரைகளும் ஒரே தாளில் சேர்ந்தது போலிருந்தது.

தேடப் போகிறவர்கள் சில இடங்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மரைக்காயர் என்ற பெயர் ஆங்கில ஏட்டில் மெரிக்கன், மரிக்கார் என்றும், முஹைதீன் என்பது மைடின் என்றும், காதர் என்பது காவ்தர் என்றும் இருக்கும். ஒரே ஆளின் பெயரை ஒரே கோப்பில் மூன்று விதமாகப் பார்த்தோம். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால், பெயர் ஒத்துவந்தால் மட்டும் போதாது. வாப்பாவின் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றில் இரண்டாவது ஒத்துவர வேண்டும். தேதியிலும் கவனம் தேவை. தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கொரு முறை திரும்பும். 'பார்த்திப வருஷம்' என்றிருந்தால் அது 1885 ஆகவும் இருக்கலாம், 1945 ஆகவும் இருக்கலாம். ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் பிறந்தது. இவற்றைச் சரிபார்க்காமல் ஒரு தலைமுறையைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடக் கூடாது.

இனி, கடினமான பகுதிக்கு வருகிறோம். இந்தப் பொன்விழா மலருக்குக் குடும்ப வரலாறு கேட்டபோது எங்கள் வீட்டில் கருத்து ஒத்துவரவில்லை. "பெரியவர் மறைத்ததை நாம ஏன் வெளியே எடுக்கணும்?" என்றார் ஒருவர். "பங்கு கேட்டு வந்துட்டா என்ன செய்யறது?" என்றார் இன்னொருவர். பங்கு பற்றிய பயத்துக்குக் கோப்பிலேயே பதில் இருந்தது. கணக்கு அன்றே தீர்க்கப்பட்டு, இரு மனைவியரும் பெற்றுக்கொண்டதாக எழுதியும் இருக்கிறது. முப்பாட்டனார் எதையும் மறைத்ததற்கும் அடையாளம் இல்லை. மனுவில் எல்லாப் பெயரும் வெளிச்சமாக இருக்கும்போது, மறைத்தவர் அவரல்லர். அவருக்குப் பின் வந்த நாங்கள்தான் சொல்லாமல் விட்டு, சொல்லாமல் விட்டே மறந்துபோனோம்.

வீட்டின் மூத்தவரான எங்கள் மாமி கடைசியில் சொன்னார்: "அவங்களும் நம்ம ரத்தம்தானே. எழுதுங்க." எழுதினோம்.

மூன்று பெண்மக்களில் ஒருவரின் வழியை மட்டும் இதுவரை கண்டுபிடித்திருக்கிறோம். அவருடைய பேரப்பிள்ளைகள் ஜெலுத்தோங்கில் இருக்கிறார்கள். வீட்டில் மலாய் பேசுகிறவர்கள். சென்ற நோன்புப் பெருநாளைக்கு மறுநாள் போய்ப் பார்த்தோம். ரமளானுக்கு முன் அவர்கள் பாத்திஹா ஓதும் பெயர்ப் பட்டியலை எடுத்துக் காட்டினார்கள். அதில் எங்கள் முப்பாட்டனாரின் பெயர் இருந்தது. நாங்கள் அவர்களை மறந்திருந்த காலம் முழுவதும் அவர்கள் அவருக்காக துஆ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். புதிய வம்சாவளியில் இரண்டு உம்மாக்களின் பெயரும், மூன்று பெண்மக்களின் பெயரும் இப்போது இருக்கின்றன. பழைய சட்டத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டியிருக்கிறோம்.

சங்கத்துக் குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். படிக்க முடியவில்லை என்று அதை எறிந்துவிடாதீர்கள். ரசீதாக இருந்தாலும், கிழிந்த பத்திரமாக இருந்தாலும், அதைப் படம் எடுத்து வையுங்கள். ஜாவியில் இருந்தாலும் அரபுத்தமிழில் இருந்தாலும் வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் பேசும்போது, பாட்டனாரின் பெயரோடு பாட்டியின் பெயரையும், பாட்டியின் உம்மா பெயரையும் மறவாமல் கேட்டு எழுதுங்கள்.

அறியப்பட்டவர்களும் மறக்கப்பட்டவர்களுமான நம் முன்னோர் அனைவரின் கப்ருகளையும் அல்லாஹ் ஒளியாக்கி வைப்பானாக. ஆமீன்.