ஓருறையில் இரு வாள்: வீட்டுக் கணினியும் இரு பணிசெயல் முறைமைகளும்

ஓர் உறையினுள் இரு வாள் தங்கா என்பது முதுமொழி. வீட்டுக் கணினியின் வரலாற்றை நோக்குவார்க்கு அம்மொழி இவ்விடத்து முற்றும் பொருந்தாமை புலனாகும். கணினியின் உறுப்புக்களை ஆண்டு, ஏனைய மென்பொருள்கட்கு இடமும் காலமும் பகிர்ந்தளிப்பது பணிசெயல் முறைமை. இத்தகைய ஆட்சி இரண்டு ஒரே பொறியில் அமைவதற்கு அறிஞர் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று முறைமாறி ஆளுதல். மற்றொன்று ஒருங்கே ஆளுதல்.

முன்னையது தட்டினைப் பகுத்தலால் இயன்றது. ஐ.பி.எம். நிறுவனம் 1981 இல் வெளியிட்ட தனியாள் கணினியில் வன்தட்டு இருக்கவில்லை. 1983 இல் வன்தட்டுடைய எக்ஸ்.ரி. கணினியும் அதற்கேற்ற டொஸ் 2.0 முறைமையும் வந்தன. தட்டின் முதற்கூறாகிய 512 பைற்று இடத்திலே ஒரு சிறு நிரலும், நான்கு பகுதிகளைக் குறிக்கும் அட்டவணையும் வைக்கப்பட்டன. முழுத் தட்டையும் ஒரு முறைமையே கவர்ந்துகொள்ளாது பிறவற்றிற்கும் இடம் விடுதல் இவ்வட்டவணையால் இயல்வதாயிற்று.

1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் ரோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டபின் இவ்வசதி பெரும்பயன் விளைத்தது. பழைய முறைமையைக் கைவிடாது புதியதைப் பயில விரும்பியோர் தட்டைப் பகுத்து இரண்டையும் நிறுவினர். வேர்னர் அல்மெஸ்பேகர் இயற்றிய லைலோவும், எரிக் போலின் 1995 இல் தொடங்கிய கிரப்பும், கணினி தொடங்குங்கால் எம்முறைமையை ஏற்றுவது என உரியவரை வினவும் நிரல்களாகும்.

அவ்வினாவை எழுப்பும் உரிமை யாருக்குரியது என்பது பின்னர் வழக்காகவும் வளர்ந்தது. பீஓஎஸ் முறைமையை ஆக்கிய பீ நிறுவனம் 2002 இல் மைக்ரோசொப்ற் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. இரு முறைமைகளையும் தாங்கிய கணினிகளைத் தயாரிப்பாளர் விற்காதவாறு உரிம நிபந்தனைகள் தடுத்தன என்பது அதன் முறைப்பாடு. 2003 இல் மைக்ரோசொப்ற் தவறெதனையும் ஒப்புக்கொள்ளாது 2 கோடியே 32 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் செலுத்தி வழக்கை முடித்தது. ஆயின் பீ நிறுவனத்தின் உடைமைகளோ 2001 இலேயே பாம் நிறுவனத்தின் கைக்கு மாறிவிட்டன.

ஒருங்கே ஆளும் வழி வீட்டுக் கணினியினும் முந்தியது. 1960 களில் அமெரிக்கக் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வு நிலையத்தார், ஒரு பெரும்பொறி பல பொறிகளாகத் தோன்றுமாறு சி.பி.-40, சி.பி.-67 என்பனவற்றை ஆக்கினர். 1974 இல் போப்பெக், கோல்ட்பேர்க் என்னும் இருவர் இம்மெய்நிகர் பொறிக்கு இலக்கணம் வகுத்தனர். விருந்தாக வந்த முறைமை பொறியின் நிலையை மாற்றவோ அறியவோ முயலும் கட்டளைகள் யாவும் மேலாளும் நிரலிடம் அகப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டுக் கணினிகளின் எக்ஸ்86 செயலியிலோ சில கட்டளைகள் அகப்படாது நழுவின. 1998 இல் தோன்றிய வி.எம்.வெயர் நிறுவனம், அத்தகைய கட்டளைகளை இயங்கும்போதே மாற்றியெழுதும் உபாயத்தால் அடுத்த ஆண்டிலே இத்தடையை வென்றது. 2005 இல் இன்ரெலும் 2006 இல் ஏ.எம்.டி.யும் இதற்கான துணையைச் செயலியிலேயே அமைத்தன.

இருவழிக்கும் நிறையும் குறையும் உள. முறைமாறி ஆளுங்கால் பொறியின் ஆற்றல் முழுவதும் ஒன்றற்கே கிட்டும். ஆயின் மாறுந்தோறும் கணினியை மீளத் தொடக்கல் வேண்டும். ஒருங்கே ஆளுங்கால் அத்தொல்லை இல்லை. ஆயின் நினைவகம் பங்கிடப்படும், வரைகலைப் பணிகள் தளர்வுறும்.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் பின்னைய வழியின் ஓங்கலைக் காட்டுவன. 2006 இல் அப்பிள் நிறுவனம் பூட் காம்ப் வாயிலாக வின்டோஸுக்குத் தன் கணினியில் இடமளித்தது. 2020 இல் தன் சொந்தச் செயலிக்கு மாறியபோது அப்புதிய கணினிகளில் அவ்வாயிலை அடைத்தது. அதே ஆண்டில் மைக்ரோசொப்ற், மெய்நிகர் பொறியொன்றில் உண்மையான லினக்ஸ் கருவை இயக்கும் வசதியை வின்டோஸ் 10 இன் புதிய பதிப்பிலே சேர்த்தது. ஒருகாலத்துப் பகையாளர் ஒரே கூரையின்கீழ் வதிகின்றனர். எனினும் விருந்தினனுக்கு இடமளிப்பவன் வீட்டுக்குரியவனா, வீட்டைக் கட்டி விற்றவனா என்னும் வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. தட்டைத் தானே பகுத்து இரு முறைமைகளை நிறுவுவோன், அவ்வினாவுக்குத் தன் கையாலேயே விடை தருகின்றான் எனலாம்.