சாவடி

பூந்தமல்லி சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று அடுத்தடுத்து ஊர்கள். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் பொது இடம். ஊர்ப் பொதுமண்டபமும் சாவடிதான். தெலுங்கிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் இந்தச் சொல் உண்டு.

ஆங்கிலத்தின் 'பூத்' வந்தபோது தமிழ் இதையே எடுத்துக் கொடுத்தது: வாக்குச்சாவடி, சுங்கச்சாவடி. காவலர் வண்டியை நிறுத்தும் சோதனைச்சாவடியும் இதே வீட்டுப் பிள்ளைதான். ஆனால் பால் பூத் பூத்தாகவே நின்றுவிட்டது.

ஜப்பானிய மொழியிலும் ஏறக்குறைய இதே கதை. வாக்களிக்கும் இடம் 'தோஹ்யோஜோ', சுங்கம் கட்டும் இடம் 'ர்யோகின்ஜோ', வண்டியைச் சோதிக்கும் இடம் 'கென்மோன்ஜோ'. கடைசியில் வரும் 'ஜோ' இடத்தைக் குறிப்பது. தொலைபேசி பூத்துக்கு மட்டும் 'தென்வா பொக்குசு'. பொக்குசு என்பது ஆங்கிலத்தின் 'பாக்ஸ்'. கண்காட்சி பூத்தோ வெறும் 'பூசு'.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்களில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: 'பூத்' என்று கண்டதும் அகராதியின் முதல் பொருளை எழுதிவிடாதீர்கள், அங்கே என்ன நடக்கிறது என்று முதலில் கேளுங்கள்.