பில் ரசலும் பாஸ்டன் நகரமும்

வில்லியம் ஃபெல்டன் ரசல் (12 பிப்ரவரி 1934 – 31 ஜூலை 2022) அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர். பில் ரசல் என்று அறியப்பட்டவர். பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 1956 முதல் 1969 வரை 13 பருவங்கள் ஆடி, அவற்றுள் 11 பருவங்களில் என்.பி.ஏ. சாம்பியன் பட்டம் வென்றார். இத்தனை பட்டங்களைத் தேடித்தந்த ஊரோடு அவருக்கு இருந்த உறவோ நெடுங்காலம் கசப்பாகவே இருந்தது. இக்கட்டுரை அந்தக் கசப்பின் சமூகப் பின்னணியைப் பற்றியது.

ரசல் பிறந்தது லூசியானா மாநிலத்தின் வெஸ்ட் மன்றோ என்னும் ஊரில். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைக்கும் சட்டங்கள் நடைமுறையில் இருந்த காலம் அது. ஒருமுறை அவருடைய தாயார் நல்ல உடை உடுத்தித் தெருவில் வந்தார். அது வெள்ளைக்காரப் பெண்கள் அணியும் உடை, வீட்டுக்குப் போய் மாற்று என்று காவல் அதிகாரி மிரட்டி அனுப்பினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வேலை தேடி இலட்சக்கணக்கான கறுப்பினத்தவர் தெற்கை விட்டு வெளியேறினர். ரசலின் குடும்பமும் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டுக்குக் குடிபெயர்ந்தது. அவருக்குப் 12 வயதானபோது தாயார் காலமானார். பின்னர் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணிக்காக 1955, 1956 ஆகிய இரு ஆண்டுகளும் தேசியப் பட்டம் வென்றார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றார்.

அவருடைய பலம் தற்காப்பு ஆட்டம். எதிரணியினர் எறியும் பந்தை வெளியே அடித்துத் தள்ளாமல், தன் அணியினர் கைக்குப் போகுமாறு தட்டிவிடுவார். இப்படித் தடுத்த பந்துகளை என்.பி.ஏ. 1973-74 பருவத்திலிருந்துதான் கணக்கிடத் தொடங்கியது. ரசல் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் கழித்து! மதிப்பெண் பட்டியலில் ஏறாத திறமையை எத்தனையோ வகுப்பறைகளில் பார்த்திருக்கிறேன்.

இனி பாஸ்டனுக்கு வருவோம். அந்த அணி காலத்தை முந்தி நின்றது. 1950இல் சக் கூப்பரைத் தேர்வு செய்ததன் மூலம், என்.பி.ஏ. வீரர் தேர்வில் கறுப்பினத்தவர் ஒருவரை எடுத்த முதல் அணி ஆனது. 1964 டிசம்பர் 26 அன்று முதன்முறையாகக் கறுப்பின வீரர் ஐவரையே களத்தில் இறக்கி ஆட்டத்தைத் தொடங்கியது. 1966இல் ரசலையே பயிற்சியாளராக்கியது, என்.பி.ஏ. வரலாற்றில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவரே. ஊர் அப்படி இல்லை. அதே நகரின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸ், அமெரிக்கப் பெரிய பேஸ்பால் அணிகளுள் கடைசியாக, 1959இல்தான் ஒரு கறுப்பின வீரரைச் சேர்த்துக்கொண்டது. செல்டிக்ஸ் பட்டம் மேல் பட்டம் வென்றபோதும் அரங்கில் இருக்கைகள் பல நேரம் காலியாகக் கிடந்தன.

தெற்கில் சட்டம் செய்த பிரிவினையை வடக்கில் குடியிருப்பு செய்தது. யார் எந்தத் தெருவில் வீடு வாங்கலாம் என்பதில் எழுதப்படாத விதிகள் இருந்தன. ரசல் பாஸ்டனை அடுத்த ரெடிங் என்னும் ஊரில் வசித்தார். அவரைப் பாராட்டி அவ்வூர் 1963இல் விழாவே எடுத்தது. பிறகு அதே ஊரில் வசதியான வேறு பகுதிக்கு மாற முயன்றபோது அங்குள்ளவர்கள் எதிர்த்தனர். ஒருநாள் வீட்டுக்குள் புகுந்தவர்கள் கோப்பைகளை உடைத்து, சுவரில் இழிசொற்களை எழுதி, படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போயினர்.

அவர் பொறுத்துப் போகிறவர் அல்லர். 1961இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் ஒரு காட்சிப் போட்டிக்குச் சென்றபோது, உடன் வந்த கறுப்பின வீரர்களுக்கு விடுதிச் சிற்றுண்டிச்சாலையில் உணவு மறுக்கப்பட்டது. ரசலும் மற்றக் கறுப்பின வீரர்களும் ஆடாமலே விமானம் ஏறினர். 1963இல் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டபின், மிசிசிப்பியின் ஜாக்சனுக்குச் சென்று இரு இனச் சிறுவர்களுக்கும் சேர்த்துப் பயிற்சி முகாம் நடத்தினார். 1967இல் போருக்குச் செல்ல மறுத்த முகமது அலியை ஆதரித்துக் கிளீவ்லண்டில் கூடியவர்களுள் அவரும் ஒருவர்.

கறுப்பின மனிதர் தன்னைத் தன் கண்ணாலும், தன்னை இகழ்பவரின் கண்ணாலும் ஒருங்கே காண நேர்கிறது என்று சமூகவியலாளர் டு போய்ஸ் 1903இல் எழுதினார். அதற்கு ‘இரட்டை உணர்வு’ என்று பெயரிட்டார். அவரும் மாசசூசெட்ஸ்காரர்தான். ரசல் அந்த இரண்டாவது கண்ணைப் பொருட்படுத்த மறுத்தார் எனலாம். இதைத் திமிர் என்றோர் அன்று பலர்.

1972இல் அவருடைய 6ஆம் எண் சட்டையை அரங்கில் ஏற்றியபோது, பார்வையாளர்களை உள்ளே விடும் முன்பே சடங்கை முடிக்கச் செய்தார். 1975இல் புகழரங்கில் சேர்க்கப்பட்டபோது விழாவுக்குப் போகவில்லை. பாஸ்டன் நகர மன்றத் திடலில் 2013இல் அவருக்குச் சிலை எழுந்தது. புகழரங்க மோதிரத்தை 2019இல்தான், தனிப்பட்ட முறையில், வாங்கிக்கொண்டார். தனக்கு முன் அந்த மரியாதை வேறு சிலருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சக் கூப்பர் இறந்து 35 ஆண்டுகளுக்குப் பின் புகழரங்கில் சேர்க்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.