அறைவரிசையின் சாட்சியம்: செட்டிநாட்டு வீடுகளின் கட்டடக்கலைச் சிறப்பைத் தீர்மானிப்பது பற்றி

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு பட்டியல் சலிக்காமல் வந்துகொண்டிருக்கிறது: பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பானியப் பூ ஓடு, இங்கிலாந்து இரும்பு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சின் பெருமையைச் சொல்லாமலும் எந்தக் கட்டுரையும் முடிவதில்லை. இவற்றுள் எவையெவை ஒரு வீட்டில் உள்ளன, எவ்வளவு பழுதின்றி உள்ளன என்று எண்ணிப் பார்த்து அந்த வீட்டின் கட்டடக்கலைச் சிறப்பைத் தீர்மானிப்பது வழக்கமாகிவிட்டது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் வந்துசேரும் வழியைக் கவனித்தவர்களுக்கு இதில் ஓர் உறுத்தல் இருக்கும். வீட்டைப் பிரித்து விற்பவர் கையில் இருப்பதும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். ஆய்வாளர் உயர்ந்த மதிப்பெண் தரும் வீடே, பிரித்தால் அதிக விலை போகும் வீடாகவும் இருக்கிறது.

மதிப்புள்ள பொருளை வணிகரும் மதிப்பார் என்பதால், இந்த ஒற்றுமை மட்டுமே அளவுகோலைப் பொய்யாக்கிவிடாது. எனினும் அது ஒரு கேள்வியை எழுப்புகிறது. கழற்றி எடுத்துச் சென்று வேறோர் ஊரின் விடுதி முகப்பில் நிறுத்தினாலும் அழகு குறையாத தூண், தான் நின்ற வீட்டைப் பற்றி எவ்வளவு சொல்லும்? கழற்ற முடியாத ஓர் உறுப்பை முதற்சான்றாகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த உறுப்பு, முதற்கட்டில் வளவு எனப்படும் உள்முற்றத்தின் இருபுறமும் ஓடும் அறைவரிசை.

அறைவரிசையை முன்னைய ஆய்வுகள் காணாமல் விடவில்லை; கண்டும் தவறாக வாசித்தன என்பது என் கருத்து. அவற்றின் வாசிப்பு இது: முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுக்களை என்று ஒரே அச்சில் வீடு பின்வாங்கிச் செல்கிறது, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கின்றன, இந்த நீண்ட ஓட்டத்தின் உச்சம் வளவு முற்றம், சுற்றியுள்ள அறைகள் கூட்டுக் குடும்பத்தின் படுக்கையறைகள் அல்லது சாமான் அறைகள். உள்ளறைகளுக்குப் பெரும்பாலும் சன்னல் இல்லாததைக் காற்றோட்டக் குறையாகவோ திருட்டுக்கு அஞ்சிய ஏற்பாடாகவோ குறிப்பிட்டுவிட்டு, ஆய்வாளரின் கண் மறுபடியும் முற்றத்துத் தூண்களுக்குப் போய்விடுகிறது. கட்டட வரைபடங்களிலும் இதே நிலைதான். தூணின் போதிகைக்குத் தனி வரைபடம் உண்டு. அறைகளுக்கு வெறும் கட்டங்களும் 'அறை' என்ற குறிப்பும் மட்டும்.

இந்த வாசிப்பு 'கூட்டுக் குடும்பம்' என்ற சொல்லை ஆராயாமல் எடுத்துக்கொள்கிறது. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் குடும்ப அமைப்பை ஆராய்ந்த மானிடவியலாளர்களுக்குப் பழக்கமான செய்தி, கட்டடக்கலை ஆய்வுக்குள் ஏனோ நுழையவே இல்லை. நகரத்தாரிடம் மணமான ஒவ்வொரு மகனும் மனைவியும் ஒரு தனிப் புள்ளி. திருமணத்துக்குப் பின் அவர்களை 'வேறு வைப்பது' முறை. ஆண்டுக்கு இவ்வளவு என்று அரிசியும் பிற பொருள்களும் அளந்து கொடுத்துவிட்டால், அவர்கள் சமையல் தனி, கணக்குத் தனி. கூரை ஒன்று, அடுப்பு வேறு. அந்தப் புள்ளிக்கு வளவில் ஒதுக்கப்படுவதே ஓர் அறையும் அதற்குள் ஓர் உள்ளறையும் சேர்ந்த இரட்டை வீடு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு, தனிச் சாவி.

இதை மனத்தில் கொண்டு அறைவரிசையைப் பார்த்தால் தரைப்படமே வேறாகத் தெரிகிறது. குடும்பம் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டும் வீடு என்று நாம் நினைத்தது, குடும்பம் எந்த விதிப்படி பிரிந்து நின்றது என்பதைச் செங்கல்லில் எழுதி வைத்த ஆவணமாகிறது. அதில் என்னை அதிகம் கவர்வது சமத்துவம். முகப்பு எவ்வளவு ஆடம்பரமாக இருந்தாலும், ஒரே வீட்டின் அறைவரிசையில் மூத்தவன் அறைக்கும் இளையவன் அறைக்கும் வாசல் அகலத்திலோ ஆழத்திலோ வேறுபாடு பெரும்பாலும் இருப்பதில்லை. இரங்கூனில் ஒருவன் கொழித்திருக்கலாம், அவன் தம்பி சம்பளத்துக்கு ஏஜெண்டாகப் போய் மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்பியிருக்கலாம். வளவில் இருவருக்கும் ஒரே அளவு. மிகுந்த செல்வம் இருந்தால் அது முகப்புக்குப் போகும், மேல்மாடிக்குப் போகும், இன்னொரு தெருவில் புது வீடாகும்; அறைவரிசையைத் தொடாது. வருமானத்தை வீதிக்குக் காட்டும் முகப்பையும் பங்கை உள்ளே நிலைநிறுத்தும் வளவையும் ஒரே அச்சில் கோத்ததுதான் இந்தக் கட்டட மரபின் உண்மையான சாதனை. பளிங்கு எங்கிருந்து வந்தது என்பது அதற்கு அடுத்த செய்தி.

சன்னலின்மைக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. உள்ளறையில் ஆட்கள் உறங்கியதைவிடச் சீர் உறங்கியதே அதிகம். மணப்பெண் கொண்டுவந்த வெள்ளி, பித்தளை, மங்குப் பாத்திரங்கள், பட்டு, நகைப்பெட்டி எல்லாம் அங்கே. அப்படியானால் 'சாமான் அறை' என்ற பழைய வாசிப்புச் சரிதானே என்று கேட்கலாம். சாமான்தான், யாருடைய சாமான் என்பதே கேள்வி. அறை ஆண்வழியில் மகனுக்கு வந்த பங்கு, அதற்குள் இருப்பது மருமகள் தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த உடைமை. இரண்டு சொத்துமுறைகள் ஒரு நிலைப்படியில் சந்திக்கின்றன. அந்த நிலைப்படியில் பூட்டு எந்த உயரத்தில் இருக்கிறது, கதவு உள்நோக்கித் திறக்கிறதா, வெளியறையில் எவ்வளவு இடம் விடப்பட்டிருக்கிறது என்பன நேரடியான கட்டடக்கலைக் கேள்விகள். ஆகவே இது சமூக வரலாறு, கட்டடக்கலையாகாது என்ற மறுப்பை நான் நீட்டிப் பேசப்போவதில்லை. சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்த காரணம் கட்டடக்கலைக்கு வெளியே இருப்பதாகச் சொல்பவர்கள்தான் அதை நிறுவ வேண்டும்.

முற்றத்தைச் சுற்றிய அறைகள் கேரளத்திலும் உண்டு, வங்காளத்திலும் உண்டு என்பார்கள். உண்டு. சம அளவு, தனிப்பூட்டு, தனியடுப்பு ஆகிய மூன்றும் ஒரே வீட்டில் ஒரே விதியால் சேர்ந்து வருவதைக் காட்டினால் பேசலாம்.

இந்த வாதத்துக்கு வலுவான சோதனையைக் காலமே நடத்திக் கொடுத்திருக்கிறது. 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் கட்டப்பட்ட வீடுகளில் கான்கிரீட் வந்தது, முகப்பில் ஆர்ட் டெகோ வந்தது, மரத்தூண் குறைந்தது. அதே ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தத்தால் அரிசி விலை வீழ்ந்து, கடனுக்கு ஈடாகப் பர்மாவின் நெல்வயல்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. 1942-ல் ஜப்பானியர் நுழைந்ததும் எல்லாம் சிதறின. பொருளும் பாணியும் பணமும் மாறிய இந்தக் கட்டத்திலும் பல வீடுகளில் அறைவரிசை பழைய இடத்திலேயே, பழைய ஒழுங்கிலேயே நின்றது. மற்றவை மாற மாறாது நிற்பதே ஒரு மரபின் முதுகெலும்பு என்றால், எதைத் தேட வேண்டும் என்பது தெளிவு. நமது சட்டமோ 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின் நூறாண்டுக் கணக்கில் நிற்கிறது. காரைக்குடியின் ஆயிரம் சன்னல் வீடு 1941-ஐச் சேர்ந்தது; அந்தக் கணக்குப்படி அது 2041 வரை காத்திருக்க வேண்டும். மரபின் உறுதியை நன்றாகக் காட்டும் தலைமுறையையே வயது வரம்பு வெளியே தள்ளுகிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு வணிகரின் ஊர்த்தொகுதிகளாகச் சேர்க்கப்பட்டது நல்ல நகர்வு; தெருவையும் ஊருணியையும் சேர்த்துப் பார்க்க அது வழிசெய்கிறது. ஆனால் தொகுதிக்குள் எந்த வீட்டுக்கு முதலில் கைகொடுப்பது என்ற முடிவைத் தொகுதி எடுத்துத் தராது.

இந்த அளவுகோலை ஏற்றால் சில தீர்ப்புகள் தலைகீழாகும். இறக்குமதிப் பொருள் ஒன்றுகூட இல்லாத, நாட்டு ஓடு வேய்ந்த ஒரு நடுத்தர வீட்டில் அறைவரிசையும், பின்கட்டில் புள்ளிக்கு ஒன்றாக அடுப்புத் தடங்களும் அழியாமல் இருந்தால், அது பளிங்கு மாளிகைக்கு மேலே போகும். விடுதியாக மாற்றப்பட்ட வீடுகளின் கணக்கும் மாறும். தூண்களை மெருகேற்றி வைத்துக்கொண்டு, இரண்டு இரட்டை வீடுகளின் நடுச்சுவரை இடித்துக் குளியலறையோடு ஒரே அறையாக்கினால், பட்டியல்முறையில் அந்த வீடு முழு மதிப்பெண் பெறும். என் கணக்கில் பெறாது. அந்த மாற்றம்தான் கூரையைக் காப்பாற்றியது என்று உரிமையாளர் சொன்னால் அதை மறுக்க மாட்டேன்; ஒரு வீடு தப்பியது நல்லது, அது எதைச் சாட்சி சொல்கிறது என்பது வேறு விசாரணை.

இதைவிடக் கடினமானது நடுச்சுவர். பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் ஏற்பட்டு, வளவின் குறுக்கே செங்கல் சுவர் எழுப்பிய வீடுகள் உண்டு. அசல்தன்மையைப் பெரிதாக்கும் மரபு இதைச் சேதம் என்று எழுதிவிட்டு நகரும். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. பிரிந்து நிற்பதற்காகவே வகுத்த வீட்டில் பிரிவு இன்னும் ஓரடி முன்னே போயிருக்கிறது. அசல்தன்மை குறித்த 1994-ஆம் ஆண்டு நாரா ஆவணத்துக்குப் பின் அதைப் பொருளின் பழமையால் மட்டும் அளப்பதும் கடினம். எல்லை எங்கே என்றால், முன்னோர் வழிபாடான படைப்பையும் திருமணத்தையும் இரு தரப்பாரும் அதே வளவில் நடத்த முடிகிறதா என்று பார்க்கலாம். முடிந்தால் சுவர் அந்த வீட்டு வரலாற்றின் ஒரு கட்டம். முற்றம் பொதுவாக இல்லாமல் போய், ஒரு தரப்பு பின்வாசலை முன்வாசலாக்கிக்கொண்டால், இரண்டு வேறு வீடுகளாகவே மதிப்பிட வேண்டும். இந்தக் கோடு எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். படைப்பு வழக்கம் தளர்ந்த குடும்பங்களில் இது உதவாது.

அறைவரிசையும் தனியாகப் பேசாது. கதவு மாறியிருக்கும், பூட்டு புதியதாக இருக்கும், சுவர்ப்பூச்சு மூன்று முறை உரிந்து மூடியிருக்கும். இன்னார் கட்டியது என்ற அளவுகோலும் இங்கே உதவாது. ஸ்தபதிகள், ஆசாரிகள், கொத்தனார்கள் பெயர் பெரும்பாலும் எங்கும் பதியப்படவில்லை. உதவக்கூடிய ஆவணம் வேறொன்று உண்டு. சார்பதிவாளர் அலுவலகங்களில் இருக்கும் பாகப்பிரிவினைப் பத்திரங்கள் வீட்டைத் திசை சொல்லியே பிரிக்கின்றன: இன்ன வரிசையில், இன்ன பக்கத்திலிருந்து எத்தனையாவது அறை, அதன் பொது நடை, கிணற்றில் உரிமை. கட்டடக்கலை வரைபடத்தில் வெறுங்கட்டமாக நின்ற அறைக்கு அங்கே உரிமையாளர், ஆண்டு, எல்லை மூன்றும் இருக்கும். வீட்டை விற்க எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் வேண்டியிருப்பதால் இந்தப் பத்திரங்கள் பெரும்பாலும் விற்பனை நேரத்தில்தான் வெளியே வருகின்றன. அதாவது, தேக்கு விலை பேசப்படும் அதே வாரத்தில். களப்பணிக்குப் போகிறவர்கள் அளவு நாடாவோடு அந்தப் பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அறை அறையாகச் சரிபார்க்க வேண்டும்.