தீவுக்குப் போன 'வாலண்டியர்'களும் ஒரு ஞாயித்துக்கிழமையும்

மக்களே, வாலண்டியரா வெளிநாடு போறவங்களுக்குன்னு வர்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீங்க. ஏதாவது ஒரு தீவு நாடு. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கலாம், ஆமை முட்டைக்குக் காவல் இருக்கலாம், மரம் நடலாம். சனி ஞாயிறுக்குத் தனியா ஒரு பட்டியல்: எரிமலை, அருவி, கடலுக்கடியில மீன் பார்க்கிறது, பழைய கோயில். உண்மையைச் சொன்னா வேலையை விட இந்த வீக்கெண்ட் பட்டியல்தான் நீளமா இருக்கும். இதுக்காக லீவு கேட்டு டமேஜர் முன்னாடி பம்மி நிக்கிற பொட்டி தட்டுற கூட்டமும் நிறைய.

புதுச்சேரிக்காரங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்லீங்க. நம்ம ஊர்க் கடற்கரையில இருந்து 'இஷ்டப்பட்டு' தீவுக்குக் கப்பலேறுறது கிட்டத்தட்ட 300 வருஷப் பழக்கம். ஆனா அந்த 'இஷ்டப்பட்டு'ல எவ்வளவு இஷ்டம் இருந்துச்சு? "நம்ம ஆளுங்க விருப்பத்தோடதான் போனாங்க, சம்பாதிச்சாங்க"ன்னு ஒரு கட்சி. "எல்லாரும் அடிமைதான், பேரு மட்டும் வேற"ன்னு இன்னொரு கட்சி. நான் ஒரு சின்ன அளவுகோல் வச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை அவங்களால எங்க போக முடிஞ்சது? அவ்வளவுதான்.

கொத்தனாருங்க போன கதை

மொரீஷியஸ்ல பூர்வகுடின்னு யாரும் கிடையாது. டச்சுக்காரங்க 1710ல கைகழுவிட்டுப் போனதும், 1715ல பிரெஞ்சுக்காரங்க வந்து 'இல் த பிரான்ஸ்'னு பேரு வச்சாங்க. பேரு வச்சாச்சு, வீடு கட்ட ஆளு வேணுமே? 1729ல இருந்து புதுச்சேரியில கொத்தனார், தச்சர், கொல்லர்னு தொழில் தெரிஞ்சவங்களை ஒப்பந்தம் போட்டு அழைச்சுக்கிட்டுப் போனாங்க. 1735ல மாஹே த லபூர்தொனே கவர்னரா வந்து இறங்கினதும் வேலை சூடு பிடிச்சது. போர்ட் லூயிஸ் துறைமுகம், ஆஸ்பத்திரி, கிடங்குகள்னு அந்த ஊரையே எழுப்பினதுல நம்ம ஊர்க் கைங்க நிறைய. அவருக்கு போர்ட் லூயிஸ் துறைமுகத்தைப் பார்த்தாப்புல ஒரு சிலை இருக்கு, புதுச்சேரியில ஒரு வீதி இருக்கு. கொத்தனாருங்களுக்கு ரெண்டு ஊர்லயும் ஒண்ணும் இல்லை. வழக்கம்தானே.

இவங்களுக்கு என் அளவுகோலை வச்சுப் பார்த்தா பாஸ் மார்க் வரும். ஊரோட கிழக்குப் பக்கத்துல சுதந்திரத் தமிழர்களுக்குன்னே 'மலபார்கள் முகாம்'னு ஒரு பகுதி உருவாச்சு. சொந்த வீடு, வியாபாரம், கோயில்னு வாழ்ந்தாங்க. நினைச்ச நேரத்துல வெளிய போய் வர முடிஞ்சது.

அதே காலத்துல அதே கடற்கரையில நடந்த இன்னொரு கதையையும் சொல்லணும். ஆனந்தரங்கப் பிள்ளை 1743ல தன்னோட நாட்குறிப்புல, ஏழை பாழைகளை வேலை தர்றேன்னு ஏமாத்திப் பிடிச்சு, அடைச்சு வச்சு, அடிமைகளா தீவுக்குக் கப்பலேத்தின ஒரு கும்பலைப் பத்தி எழுதியிருக்கார். ஒரே கடற்கரை, ஒரே சலங்கு, ஒரே மாதிரி கப்பல். ஒருத்தன் ஒப்பந்தத்தோட போறான், இன்னொருத்தன் கட்டுண்டு போறான். கரையில நின்னு பார்க்கிறவனுக்கு வித்தியாசமே தெரிஞ்சிருக்காது.

கரும்பு கூப்பிட்டது

அடுத்த நூற்றாண்டுல கதை மாறுது. 1810ல மொரீஷியஸ் பிரிட்டிஷ்காரன் கைக்குப் போயிடுச்சு. பக்கத்துத் தீவான ரீயூனியனையும் பிரிட்டிஷ்காரன் பிடிச்சான், ஆனா அது 1815ல பிரான்ஸ்கிட்டயே திரும்பிடுச்சு. ரெண்டுலயும் கரும்பு. மொரீஷியஸ்ல 1835ல அடிமை முறை ஒழிஞ்சது, ரீயூனியன்ல 1848 டிசம்பர் 20. கரும்பு வெட்ட ஆளு? மறுபடியும் நம்ம பக்கம் திரும்பினாங்க.

ரீயூனியனுக்கு முதல் தொகுதி ஆட்கள் 1828லயே ஏனாம்ல இருந்து போனாங்க. 1848க்கு அப்புறம் புதுச்சேரியும் காரைக்காலும்தான் பெரிய வாசல். கப்பலேறினவங்கள்ல பாதிக்கு மேல நம்ம ஊர்க்காரங்களே இல்லை. தஞ்சாவூர், தென்னாற்காடு, திருச்சிப் பக்கம் பஞ்சத்துல அடிபட்டவங்களை மேஸ்திரிங்க பேசிப் பேசி எல்லை தாண்டிக் கூட்டிட்டு வந்தாங்க. 1880கள் வரைக்கும் ரீயூனியனுக்கு மட்டும் இப்படிப் போனவங்க ஒரு லட்சத்துக்கு மேல. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் 1853, 1854ல இருந்து இங்கேருந்து கப்பல் போச்சு.

இவங்களுக்கு பிரெஞ்சுல பேரு 'ஆங்கஜே'. தன்னைத்தானே ஒப்பந்தத்துல கட்டிக்கிட்டவன்னு அர்த்தம். பிரெஞ்சுப் பட்டாளத்துல தானா முன்வந்து சேர்றவனுக்கும் இதே வார்த்தையோட 'வொலோந்தேர்'னு ஒட்டுவாங்க. அதாவது நம்ம 'வாலண்டியர்'. புதுச்சேரியில சொல்தா குடும்பம் எதுலயாவது கேட்டுப் பாருங்க, இந்த வார்த்தை தெரிஞ்சிருக்கும். கரும்புத் தோட்டத்துக்குப் போனவனும் பட்டாளத்துக்குப் போனவனும் காகிதத்துல ஒரே ஜாதி. "இஷ்டப்பட்டுத்தான் போறியா?"ன்னு கேட்பாங்க, "ஆமாம்"னு சொல்லணும், கைநாட்டு வைக்கணும். பசியில இருக்கிறவன் வேற என்ன சொல்லுவான்?

காகிதத்துல இருந்த ஞாயிறு

1860, 1861ல பிரிட்டனும் பிரான்ஸும் இந்த ஆள் ஏத்துமதிக்கு ஒப்பந்தம் போட்டாங்க. அதைப் படிச்சா நம்ம ஆபீஸ் ஆஃபர் லெட்டர் தோத்துடும். வாரத்துல 6 நாளைக்கு மேல வேலை கிடையாது. ஒரு நாளைக்கு ஒன்பதரை மணி நேரம்தான். ஞாயித்துக்கிழமை மாட்டுக்குத் தீவனம் வைக்கிறது மாதிரி அத்தியாவசிய வேலை தவிர வேற எதுவும் கிடையாது. பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனவங்க ஒப்பந்தங்கள்ல பொங்கலுக்கு 4 நாள் லீவுன்னே எழுதியிருந்தாங்க. பொங்கலுக்கு ஒரு நாள் லீவுக்கே ஆணி புடுங்கிட்டு இருக்கிற நமக்கு இது எப்படி இருக்கு? :-)

நடந்தது வேற. ஞாயித்துக்கிழமை காலையில 'கொர்வே'ன்னு ஒரு வேலை. முற்றம் கூட்டு, மாட்டுத் தொழுவம் சுத்தம் பண்ணு, புல்லு அறுத்துட்டு வா. சம்பளம் கிடையாது. அத்தியாவசிய வேலைன்னு ஒப்பந்தத்துல விட்ட ஓட்டை வழியா அரை நாள் போயிடும். மிச்சம் இருக்கிற அரை நாள்ல தோட்டத்தை விட்டு வெளிய போக முதலாளி சீட்டு தரணும். சீட்டில்லாம ரோட்டுல மாட்டினா 'ஊர்சுத்தி'ன்னு கேஸ். 1877ல பிரிட்டிஷ் தரப்புல கோல்ட்ஸ்மிட், பிரெஞ்சுத் தரப்புல மியோன்னு ரெண்டு அதிகாரிங்க ரீயூனியன் போய் விசாரிச்சாங்க. நீண்ட வேலை நேரம், பிடிச்சு வச்ச கூலி, ஞாயித்துக்கிழமை வேலைன்னு எல்லாம் வெளிய வந்துச்சு. கடைசியில 1882ல பிரிட்டிஷ் இந்திய அரசு ரீயூனியனுக்கு ஆள் அனுப்புறதை நிறுத்திடுச்சு.

மொரீஷியஸ் மட்டும் என்ன வாழ்ந்துச்சு? அங்க 'டபுள் கட்'. ஒரு நாள் வரலைன்னா ரெண்டு நாள் கூலி போச்சு. நம்ம லாஸ் ஆஃப் பே எல்லாம் இதுக்கு முன்னாடி தர்மம். ஒப்பந்தம் முடிஞ்சு சுதந்திரமா இருக்க வேண்டியவங்களையும் 1867 சட்டம் விடலை. போட்டோ ஒட்டின சீட்டு ஒண்ணு, போலீஸ் பாஸ் ஒண்ணு, எப்பவும் கையில இருக்கணும். பக்கத்து மாவட்டத்துல இருக்கிற சொந்தக்காரனைப் பார்க்கப் போனவன் பாஸ் இல்லாம லாக்கப்புல கிடப்பான். இதைப் பொறுக்க முடியாம அடோல்ஃப் த பிளவிட்ஸ்ங்கற தோட்டக்காரர் 1871ல ஒரு மனு தயார் பண்ணினார். ஒப்பந்தம் முடிச்ச பழைய தொழிலாளிங்க 9,401 பேர் அதுல ஒப்பம் வச்சாங்க. யோசிச்சுப் பாருங்க, நடமாடவே பாஸ் கேட்கிற ஊர்ல அத்தனை பேரைத் தேடிப் பிடிச்சு ஒப்பம் வாங்கியிருக்காங்க. மத்த தோட்டக்காரங்க அவரைத் துரோகின்னாங்க, நாடு கடத்தச் சொன்னாங்க. ஆனா லண்டன் விசாரணைக் குழு அனுப்பிச்சு, 1875ல அறிக்கை வந்து, 1878ல தொழிலாளர் சட்டத்தை மாத்தினாங்க.

மிச்சமிருந்த அரை நாள்

அந்த அரை நாளையும் ராத்திரியையும் வச்சுக்கிட்டு நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்கங்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. எங்கயும் போக விடலையா, சரி, ஊரையே இங்க கொண்டாந்துடுவோம்னு ஆரம்பிச்சுட்டாங்க. சர்க்கரை ஆலைக்குப் பக்கத்துலயே மாரியம்மனுக்கு ஒரு கோயில். பாஞ்சாலிக்குத் தீமிதி. ரீயூனியன்ல அவ பேரு இன்னைக்கு 'பாண்டியாலே'. விடிய விடியத் தெருக்கூத்து. அதுக்கு அங்க 'நார்ல்கோன்'னு பேரு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, நாடகம்! கூத்து சொல்லித் தர்றவர் 'வர்த்தியால்'. நம்ம வாத்தியாரேதான். தமிழ் பேச்சு போயிடுச்சு, எழுத்து போயிடுச்சு, வாத்தியாரும் நாடகமும் மட்டும் உருமாறிப் பிழைச்சுக்கிச்சு.

மொரீஷியஸ்ல காவடி நின்னுடுச்சு. தைப்பூசம் இன்னைக்கு அங்க அரசு விடுமுறை. காவடி முடிஞ்சதும் வாழையிலையில ஏழு கறியோட சாப்பாடு. லீவுக்காக ரெண்டு நாள் கூலியை இழந்தவங்க வம்சம், நாட்டுக்கே லீவு விட வச்சிருக்கு. இதை விட நல்ல பதிலடி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

இப்ப வாலண்டியர் விளம்பரத்துக்கு வருவோம். அந்தத் தீவுகள்ல வார இறுதிக்குக் கூட்டிட்டுப் போற இடங்கள்ல கலர் கலரா கோபுரம் வச்ச தமிழ்க் கோயிலும் ஒண்ணு. பாஸ்போர்ட் ரூம்ல இருக்கும், செருப்பைக் கழட்டிட்டுப் போட்டோ எடுப்போம், அடுத்த அருவிக்குக் கிளம்புவோம். தப்பில்லை, போய்த்தான் ஆகணும். ஆனா அது அடுத்த ஊருக்குப் போக சீட்டு கிடைக்காதவங்க உட்கார்ந்த இடத்துல கட்டினதுன்னு தெரிஞ்சு பார்த்தா கோபுரம் வேற மாதிரி தெரியும்.

வாலண்டியரா இல்லையாங்கறதை வேலை நாள் சொல்லாது, கஷ்டமான வேலையை இஷ்டப்பட்டும் செய்யலாம். காகிதமும் சொல்லாது, அதான் பார்த்தோமே. லீவு நாள்ல யாரையும் கேட்காம வெளிய போய், திரும்பி வர முடியுதா? இந்தக் கேள்வி பழசாகிடலை. வளைகுடாவுக்குப் போன நம்ம பக்கத்துப் பசங்க எத்தனை பேரோட பாஸ்போர்ட் முதலாளி அலமாரியில தூங்கியிருக்கு! வெளிநாட்டுத் தொழிலாளி நாட்டை விட்டுப் போக முதலாளி அனுமதிச் சீட்டு வேணும்ங்கற விதியை கத்தார் பெரும்பாலானவங்களுக்கு 2018லயும், வீட்டு வேலைக்காரங்களுக்கு 2020லயும்தான் எடுத்துச்சு. மொரீஷியஸ்ல 1867, கத்தார்ல 2020. நடுவுல எத்தனை ஞாயித்துக்கிழமை போயிருக்கும்!

டிஸ்கி: ரீயூனியன் தனி நாடு இல்லை, 1946ல இருந்து பிரான்ஸோட ஒரு மாவட்டம். 'தீவு நாடு'ன்னா மொரீஷியஸ்தான். போனா போர்ட் லூயிஸ்ல 'ஆப்ரவாசி காட்' பார்க்காம வராதீங்க. 1849ல ஆரம்பிச்ச தொழிலாளர் முகாம், யுனெஸ்கோ 2006ல பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சது. கப்பல்ல வந்தவங்க கால் வச்சு ஏறின கல் படிக்கட்டு இன்னும் இருக்கு. எரிமலை எங்கயும் போயிடாது, மெதுவா பார்த்துக்கலாம்.