1986: விக்ரமும் காவலூரும்

1986-ஆம் ஆண்டை நம் ஜவ்வாது மலைப் பக்கத்துக்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து 2.3 மீட்டர் தொலைநோக்கியைத் தொடங்கி வைத்தார். 1982-இல் மறைந்த விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஹாலி வால்நட்சத்திரம் வந்ததும் அந்த ஆண்டுதான். மே மாதக் கடைசியில் 'விக்ரம்' படம் வந்தது. முதல் இரண்டைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். மூன்றாவதைப் பற்றி, சுஜாதாவை ஐம்பது வருடமாக வாசித்து வருபவன் என்ற உரிமையில், நான் கொஞ்சம் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். நாவல் முதலில் வந்தது, பிறகு படமாக எடுத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கமல்ஹாசனின் சொந்தப் படத்துக்காக சுஜாதா கதை எழுதினார். படம் தயாராகிக்கொண்டிருந்தபோதே அது குமுதத்தில் தொடராகவும் வந்தது. ஆகவே தொடரும் படமும் அண்ணன் தம்பி அல்ல, இரட்டைப் பிள்ளைகள். 'காயத்ரி' (1977), 'பிரியா' (1978) இரண்டின் கதை வேறு. அவை நாவலாக வந்து பிறகு படமானவை. 'பிரியா' நாவலில் லண்டனில் நடந்த கதையைப் படத்தில் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பார்த்து மனம் நொந்த வாசகர்களில் நானும் ஒருவன். எழுத்தாளரே கூட இருந்து செய்யும் 'விக்ரம்' அப்படி ஆகாது என்று நம்பிக்கையோடு இருந்தோம்.

கதை தெரிந்ததுதான். 'அக்னிபுத்ரா' என்ற ஏவுகணையைக் கடத்திவிடுகிறார்கள். மனைவியை இழந்த உளவு அதிகாரி விக்ரம், ப்ரீத்தி என்ற கம்ப்யூட்டர் நிபுணியோடு சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போகிறான். ராஜசேகர் இயக்கம், இளையராஜா இசை, சத்யராஜ் வில்லன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழிப் பள்ளியில். ழூல் வெர்ன் எழுதிய 'பூமியிலிருந்து நிலாவுக்கு' (1865) அங்கேதான் கைக்கு வந்தது. அதன் தலைப்பிலேயே பயண நேரம் இருக்கும்: 97 மணி 20 நிமிடம்! பீரங்கியின் நீளம் 900 அடி, சுடும் இடம் ஃப்ளோரிடா என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. 1969-இல் அப்போலோ 11 அதே ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பியபோது எங்களுக்கு ஒரே பெருமை. ஆனால் 1902-இல் ழார்ழ் மெலியெஸ் எடுத்த நிலாப் பயணப் படத்தில் கணக்கே கிடையாது. தாடிக் கிழவர்கள் குடையோடு போகிறார்கள், குண்டு போய் நிலாவின் கண்ணில் குத்துகிறது. கால் மணி நேரத்துக்குள் முடியும் வேடிக்கை. இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தக் கண்ணைத்தான், வெர்னின் கணக்கை அல்ல.

'விக்ரம்' விஷயத்திலும் இதுதான் நடந்தது. சுஜாதா எழுத்தில் ஒரு கருவி வந்தால், அது எப்படி வேலை செய்கிறது என்பதை அரை வரியில் சொல்லிவிட்டு, அடுத்த அரை வரியில் கிண்டலும் செய்துவிடுவார். திரையில் கருவி வந்தால் விளக்குகள் மின்னும், அவ்வளவுதான். முதல் பாதியை நான் ரசித்தேன். சலாமியா போனதும் ராஜா அம்ஜத் கான், இளவரசி டிம்பிள் கபாடியா, மொழிபெயர்ப்பாளர் ஜனகராஜ், பாட்டு, ஆட்டம் என்று ஆகிவிட்டது. விக்ரமாதித்தன் கதைக்குள் ஏவுகணை புகுந்தாற்போல் இருந்தது. குமுதம் இதழ்களைப் பிரித்துத் தைத்து பைண்டு செய்து வைத்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அப்போது எங்கள் அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரத்தைத் தாண்டி எதுவும் வரவில்லை. கம்ப்யூட்டர் வந்தால் நம் வேலை போய்விடும் என்ற பயம்தான் குமாஸ்தாக்களிடம் இருந்தது. எங்களோடு ஒரு கடைநிலை ஊழியர் இருந்தார், மலைக் கிராமத்துக்காரர். கையெழுத்துப் போடுவதோடு சரி, வாசிக்க வராது. திருப்பத்தூர் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் என்னிடம் கேட்டார்: "சார், காவலூர் கோபுரத்துக்குள்ளயும் அந்தக் கம்ப்யூட்டர்தான் இருக்குதா?" பதினெட்டு வருடமாக அந்த வெள்ளைக் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவர். உள்ளே என்ன என்று கேட்கத் தோன்றியது அன்றுதான். பைண்டு செய்த என் புத்தகம் அந்தக் கேள்வியை அவருக்குள் எழுப்பியிருக்க முடியாது.

கேள்வியை எழுப்பியது படம். பதில் சொல்ல எழுத்து வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொடரை வாசித்துக் காட்டினேன். கூடவே, நம் காவலூரிலிருந்தே 1977-இல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களைக் கண்டறிய உதவினார்கள் என்றும் சொன்னேன். "நம்ம ஊர்லயா சார்?" என்று இரண்டு முறை கேட்டார்.

1989 மே 22-ஆம் தேதி இந்தியா 'அக்னி' ஏவுகணையைச் சோதித்ததும், சுஜாதா தீர்க்கதரிசி என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் ஏவுகணைத் திட்டம் 1983-லேயே தொடங்கிவிட்டது. சுஜாதா பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். காலம் எந்தப் பக்கம் போகிறது என்று அறிந்து எழுதினார். ஜோசியத்தைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பிறகு 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. இரண்டெழுத்துப் பெயர்களும், குழந்தை பெற அரசு அனுமதியும், ஜீனோ என்ற இயந்திர நாயும் உள்ள கதை. புத்தகத்தில் நான் கேட்ட ஜீனோவின் குரல் வேறு. வாசகர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜீனோ உண்டு, திரையில் ஒன்றுதான் இருக்க முடியும். 2010 அக்டோபரில் 'எந்திரன்' வந்தபோது சுஜாதா இல்லை. 2008 பிப்ரவரியில் போய்விட்டார். வசனத்தில் அவர் பெயரைப் பார்த்ததும் கண் கலங்கியது. கடைசி அரை மணி நேரச் சண்டை ஓய்ந்ததும் காதில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் நடந்தது.

2022-இல் அதே பெயரில் மறுபடி ஒரு 'விக்ரம்' வந்தது. பேரன் பார்த்துவிட்டு, பழைய விக்ரம் யார் தாத்தா என்றான். படத்தைப் போட்டுக் காட்டவில்லை, பைண்டு புத்தகத்தைக் கொடுத்தேன். பக்கங்கள் பழுத்து உதிர்கின்றன. பாதிவரை வந்திருக்கிறான். சலாமியா எப்போது வரும் என்று கேட்கிறான்.