கோபத்தைப் பெற்றாரா, கோபப்பட்டாரா? – ‘கெட்’ என்ற ஆங்கில வினையின் வரலாறு



மொழிபெயர்ப்புப் பயிற்சிகளைத் திருத்தும்போது எனக்கு அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் ஒன்று: “அப்பா கோபத்தைப் பெற்றார்.” ஆங்கில மூலத்தில் ‘ஃபாதர் காட் ஆங்ரி’ என்று இருந்திருக்கும். நாமும் சிவப்பு மையால் அடித்து, “கோபப்பட்டார்” என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம். ஆனால் அடுத்த வாரமும் அதே பிழை வரும். “ஏன் டீச்சர் தப்பு? ‘கெட்’னா பெறுதானே?” என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? “அப்படித்தான்” என்று சொல்லிச் சமாளிக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. அது ஆயிரம் ஆண்டுப் பழைய கதை.

முதலில் ஒரு வியப்பான செய்தி. ‘கெட்’ இங்கிலாந்தில் பிறந்த சொல் இல்லை. கி.பி. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தை வைக்கிங்குகள் தாக்கினார்கள். அதன்பின் தாக்குதல்கள் தொடர்ந்தன. 865இல் பெரும்படையே வந்து இறங்கியது. 878இல் மன்னர் ஆல்ஃபிரட் அவர்களைத் தோற்கடித்தாலும், வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போகவில்லை. நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி விவசாயம் செய்தார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி போன்ற ஊர்ப்பெயர்களின் கடைசியில் வரும் ‘பி’ அவர்கள் மொழியில் ஊர் என்று பொருள்படும்.

அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியும் பழைய ஆங்கிலமும் உறவு மொழிகள். பக்கத்து வீட்டுக்காரர்களின் சொற்கள் நம் பேச்சில் கலப்பது நமக்குப் புதிதில்லையே! “பாசார் மாலாம் போய்ட்டு வந்தேன்” என்று நாம் இயல்பாகச் சொல்வதுபோல, ஆங்கிலேயரும் அண்டை வீட்டுச் சொற்களை எடுத்துக்கொண்டார்கள். ‘எக்’, ‘ஸ்கை’, ‘விண்டோ’, ‘டேக்’ எல்லாம் அப்படி வந்தவை. ‘கெட்’டும் அப்படித்தான். நார்ஸில் அதன் வடிவம் ‘கெத்தா’. அடைதல், கையில் கிடைத்தல் என்பது அதன் பொருள்.

இதன் உறவுச் சொல் பழைய ஆங்கிலத்திலும் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் தனித்து வராமல், முன்னொட்டோடு ஒட்டிக்கொண்டே வந்தது. ‘ஃபர்கெட்’ என்ற சொல்லில் அது இன்றும் ஒளிந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘ய’ போன்ற ஒலி இருந்தது. இன்று நாம் கேட்கும் வல்லொலி நார்ஸின் செல்வாக்கால் வந்தது.

ஆகவே, தொடக்கத்தில் ‘கெட்’டுக்குப் பின்னால் வந்தது பெயர்ச்சொல்தான். பொருளைப் பெறுவது, பரிசைப் பெறுவது. இந்த இடத்தில் நம் மாணவர் எழுதும் ‘பெறு’ சரியே.

அப்படியானால் ‘ஆங்ரி’, ‘வெட்’, ‘ஓல்ட்’ போன்ற பெயரடைகள் எப்படி அதன் பின்னால் வந்து நின்றன? இங்கே இன்னொரு சொல்லின் மறைவைப் பார்க்க வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஆகு’ என்ற பொருளுக்கு ‘வெயோர்தன்’ என்ற வினை இருந்தது. அதன் உடன்பிறப்பு ஜெர்மன் மொழியில் ‘வேர்டன்’ என்று இன்றும் நன்றாக வாழ்கிறது. ஆங்கிலத்திலோ அது மெல்ல மெல்லத் தேய்ந்து, 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வழக்கொழிந்துபோனது. ‘ஆகு’ இல்லாமல் ஒரு மொழி எப்படி நடக்கும்? அந்தக் காலி இடத்தில் வேறு வினைகள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. வளர்தலைக் குறித்த ‘குரோ’, திரும்புதலைக் குறித்த ‘டர்ன்’, போதலைக் குறித்த ‘கோ’, ‘வந்து சேர்’ என்று பொருள்பட்ட ‘பிகம்’ எல்லாம் ‘ஆகு’ வேலையைப் பார்க்கத் தொடங்கின. ‘பிகம்’ என்ற சொல்லுக்குள் ‘கம்’ இருப்பதைக் கவனியுங்கள்.

‘கெட்’ இந்த வரிசையில் தாமதமாகச் சேர்ந்தது. அதன் பயணத்தை மூன்று படிகளாக மாணவர்களுக்குக் காட்டலாம். முதலில் பொருளைப் பெறுதல்: ‘கெட் எ லெட்டர்’. அடுத்து இடத்தைச் சென்று சேர்தல்: ‘கெட் ஹோம்’. பிறகு ஒரு நிலையைச் சென்று சேர்தல்: ‘கெட் வெட்’. ஷேக்ஸ்பியர் வாழ்ந்த 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்த மூன்றாவது பயன்பாடு தொடங்கிவிட்டது.

இந்தப் பாதை நமக்குப் புதிதா? இல்லவே இல்லை. “கரையை அடைந்தான்” என்கிறோம். “சோர்வடைந்தான்” என்றும் சொல்கிறோம். இடத்தைச் சேர்வதற்கான ‘அடை’ என்ற வினைதான் நிலையைச் சேர்வதற்கும் வருகிறது. “வெயில் பட்டது” என்பதில் வரும் ‘படு’ “வருத்தப்பட்டான்” என்பதிலும் வருகிறது. ஆங்கிலம் சுற்றி வளைத்துப் போன வழியில் தமிழும் நடந்திருக்கிறது. வேறுபாடு என்னவென்றால், ஆங்கிலத்தில் ‘கெட்’ ஒன்றே தூக்கும் சுமையைத் தமிழில் பல வினைகள் பகிர்ந்துகொள்கின்றன.

இப்போது மாணவரின் பிழைக்கு வருவோம். ‘ஆங்ரி’ ஆங்கிலத்தில் பெயரடை. மாணவர் மனத்தில் அது ‘கோபம்’ என்ற பெயர்ச்சொல்லாக மாறிவிடுகிறது. பெயர்ச்சொல் வந்துவிட்டதால், பெயர்ச்சொல்லுக்கு உரிய ‘பெறு’ தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அதாவது, மூன்றாம் படியில் நிற்கும் வாக்கியத்தை அவர் முதல் படிக்கு இறக்கிவிடுகிறார். அவர் சோம்பேறி இல்லை; அவர் போட்ட கணக்கில் ஒரு படி தவறிவிட்டது, அவ்வளவுதான். இதைச் சொல்லிக் கொடுத்தால் பிழை குறையும்.

வகுப்பில் செய்து பார்க்க ஓர் எளிய வழி: ‘கெட்’டைப் பார்த்ததும் அதற்கு அடுத்து நிற்கும் சொல்லைக் கோடிடச் சொல்லுங்கள். அது பெயர்ச்சொல்லா, இடமா, பெயரடையா என்று கேளுங்கள்.

பெயர்ச்சொல் என்றால் ‘பெறு’, ‘கிடை’, ‘வாங்கு’ பொருந்துமா என்று பார்க்கலாம்: ‘கெட் எ லெட்டர்’ – கடிதம் கிடைத்தது. ஆனால் ‘கெட் எ கோல்ட்’ என்றால் சளி பிடித்தது. நோயை யாரும் பரிசு மாதிரி பெறுவதில்லையே!

இடம் என்றால் ‘சேர்’, ‘அடை’: ‘கெட் ஹோம்’ – வீடு போய்ச் சேர்ந்தான்.

பெயரடை என்றால் மாற்றத்தைச் சொல்லும் வினையைத் தேட வேண்டும்: ‘கெட் வெட்’ – நனைந்தான். ‘கெட் ரெடி’ – தயாரானான். ‘கெட் டயர்ட்’ – சோர்வடைந்தான். ‘கெட் ஹங்ரி’ – அவனுக்குப் பசித்தது. ‘கெட் லேட்’ – நேரமாகிவிட்டது, பேச்சில் “நேரமாயிடுச்சு”.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ‘ஈஸ் ஆங்ரி’ என்றால் கோபமாக இருக்கிறார், அது நிலை. ‘காட் ஆங்ரி’ என்றால் கோபப்பட்டார், அது மாற்றம். தேர்வில் இந்த வேறுபாட்டைக் காட்டும் விடை தனித்துத் தெரியும்.

விதிவிலக்கும் உண்டு. ‘கெட் ஸ்கோல்டட்’ என்பதை நாம் “ஏச்சு வாங்கினான்” என்கிறோம். ‘கெட் பனிஷ்ட்’ என்பதைத் “தண்டனை பெற்றான்” என்று எழுதலாம். இங்கே பெறும் வினை தமிழுக்கும் இயல்பாகவே இருக்கிறது. ஆகவே “பெறு வரவே கூடாது” என்று விதி போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவும் குழப்பமாகத் தோன்றினால் ஓர் ஆறுதல். 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், பொருள் வரையறுக்க முடியாமல் தம் உழைப்பைப் பெருக்கிய வினைகள் என்று முன்னுரையில் ஒரு பட்டியலே போட்டுக் குறைப்பட்டிருக்கிறார். அந்தப் பட்டியலில் ‘கெட்’டும் இருக்கிறது. அகராதி எழுதியவரையே திணற வைத்த சொல், நம் பிள்ளைகளைத் தடுக்கி விழ வைப்பதில் என்ன அதிசயம்? அடுத்த முறை “கோபத்தைப் பெற்றார்” என்று கண்டால், சிவப்பு மைக்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.